ரீடிங் சாரும் சம்பந்தி வீட்டுப் பிரிட்ஜும்

மகளைப் புருஷன் வீட்டிலிருந்து பெட்டி படுக்கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம் ரீடிங் சார். அதுவும் எதற்கு? ஒரு பிரிட்ஜுக்காக!

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். காலை பதினொன்றரைக்குத் தரைத்தளத்தில் கிளம்பிய இந்தச் செய்தி, பன்னிரண்டு அடிப்பதற்குள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் காதுக்குப் போய்விட்டது. மேலே ஏற ஏறச் செய்திக்குச் சதை போட்டது. முதல் மாடியில் சம்பந்தியம்மாள் துடைப்பத்தைத் தூக்கினாள். இரண்டாம் மாடியில் மாப்பிள்ளை குறுக்கே விழுந்து காலைப் பிடித்தார். மூன்றாம் மாடியில் வக்கீலே வந்துவிட்டார்.

தரைத்தளத்தில் குடியிருப்பது நான். செய்தியைக் கிளப்பியது யார் என்று யாரும் கண்டுபிடித்துப் பரிசு வாங்க வேண்டியதில்லை. ஆனால் நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. அதன் பின்பக்கத்தில் ரீடிங் சாரின் மகள் நின்றிருந்தாள். கண் இரண்டும் கோவைப்பழம். தோளில் ஜிப் மூட முடியாத அளவுக்கு உப்பிய பை. பக்கத்தில் போர்வை சுற்றிக் கயிறு கட்டிய ஆள் உயரச் சாமான். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் அப்பன்காரர், யாரோ கன்னத்தில் அறைந்தது போன்ற முகத்தோடு. படிக்கட்டில் நின்றிருந்த அவருடைய மனைவி நெற்றியில் படார் என்று அடித்துக்கொண்டாள். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சாட்சி வேண்டும்?

பிறகு ஆட்டோக்காரரிடம் கொஞ்சம், மகளிடம் கொஞ்சம், மாப்பிள்ளையிடம் நிறைய என்று துருவித் துருவிக் கேட்டதில் உண்மை வேறு என்று தெரிந்தது. பொய்யைப் பரப்பிய வாய்தான் உண்மையையும் பரப்ப வேண்டும். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காலை ஏழு மணிக்கு எங்கள் படிக்கட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தால் ரீடிங் சார் குந்தியிருப்பார். அங்கேதான் பன்னிரண்டு வீட்டு மீட்டர்களும் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு மீட்டரிலும் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று மினுங்கும். கரண்ட் அதிகமாகப் போனால் வேகமாக மினுங்கும், குறைவாகப் போனால் சோம்பலாக மினுங்கும். கைக்கடிகாரத்தை ஒரு கண்ணாலும் விளக்கை மறு கண்ணாலும் பார்த்தபடி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவர். ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. வேலை அவரை விட்டுவிட்டது. அவர்தான் இன்னும் அதை விடவில்லை.

உயரமாக மாட்டிய மீட்டர்களை முப்பத்தொரு வருஷம் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. எதிரே இருப்பவரின் நெற்றியைப் பார்த்துத்தான் பேசுவார். சட்டைப் பையில் மூன்று சாமான்கள் எப்போதும் உண்டு: பேனா அளவில் ஒரு டார்ச், துணி மாட்டும் கிளிப் இரண்டு, பழைய நாள்காட்டித் தாளை விரல் அகலத்துக்குக் கத்தரித்த துண்டுகள்.

"மூணாம் நம்பர்ல இன்னும் யாரும் எந்திரிக்கல. ஆனா பிரிட்ஜ் மட்டும் ராத்திரியெல்லாம் தூங்காம ஓடியிருக்கு. பாவம், அதுக்கு யாரு லீவு குடுப்பா?" என்பார். கேட்பது யார் என்று பார்க்க மாட்டார். பால் வாங்கப் போகிறவர்கள் கேட்டுக்கொண்டே போக வேண்டியதுதான்.

மற்ற மின்சாதனங்கள் மேல் அவருக்குப் பெரிய கோபமில்லை. ஒரு நாள் நானே கேட்டேன். "ஏன் சார், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டரெல்லாம் இன்னும் அதிகமா இழுக்குமே. பிரிட்ஜை மட்டும் ஏன் இந்தக் கரி கரிக்கறீங்க?"

"அதெல்லாம் விருந்தாளிய்யா. வந்தான், வயிறு முட்டத் தின்னான், போயிட்டான். பிரிட்ஜ் வீட்டோட மாப்பிள்ளை. இருபத்துநாலு மணி நேரமும் மூலையில உட்கார்ந்து தின்னுக்கிட்டே இருக்கும். யாரும் கேட்கவும் மாட்டாங்க. கேட்டாலும், 'அது என்ன பண்ணுது பாவம், சும்மாதானே நிக்குது'ன்னுவாங்க."

யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார மாட்டார். செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைதான். பிரிட்ஜ் கதவைத் திறந்து, காகிதத் துண்டை விளிம்பில் வைத்து, கதவைச் சாத்துவார். பிறகு துண்டைப் பிடித்து மெல்ல இழுப்பார். இறுக்கமாக இருந்தால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். துண்டு வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த வீட்டுக்காரர்களுக்குச் சனி பிடித்துவிட்டது.

இரண்டாம் மாடி டீச்சரம்மா வீட்டில் நானும் கூட இருந்தேன். துண்டு வெண்ணெய் மாதிரி வந்தது.

"டீச்சரம்மா, தாள் வருது."

"வந்தா என்ன சார்?"

"தாள் வர்ற வழியில குளிரும் வெளியே வருது."

"வரட்டுமே சார். வீடாவது குளுகுளுன்னு இருக்கும்."

ரீடிங் சார் யார் வீட்டிலாவது உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அங்கேயே, அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். "பின்னாடி கையை வெச்சுப் பாருங்க டீச்சரம்மா. முன்னாடி தர்ற குளிரைவிட அதிகமாப் பின்னாடி சூடாக் கக்குது. வீடு எப்படிக் குளிரும்? நீங்க என்ன பாடம் எடுக்கறீங்க?"

"சரித்திரம்" என்றார் டீச்சரம்மா, கூச்சத்தோடு.

"நல்லவேளை" என்று எழுந்து வந்துவிட்டார்.

சொந்த வீட்டிலும் இதே கொடுமைதான். அவர் வீட்டுப் பிரிட்ஜ் கதவில் ஒரு படம் ஒட்டியிருக்கும். மேல் தட்டில் பால், இடது பக்கம் முட்டை, கீழே காய் என்று எல்லாம் கட்டம் கட்டி வரைந்திருப்பார். என்ன வேண்டும், எங்கே இருக்கிறது என்று முதலில் படத்தைப் பார்த்து முடிவு செய்துகொண்டு, அப்புறம்தான் கதவைத் திறக்க வேண்டும். திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால், "உள்ளே என்ன படமா ஓடுது?" என்று கூடத்திலிருந்து குரல் வரும். சூடான பாத்திரத்தை உள்ளே வைத்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. "அடுப்பையே தூக்கி உள்ளே வெச்சிடேன், வேலை சுலபம்" என்பார்.

அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னது: "கட்டிக்கிட்டு வந்து முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. என் முகத்தை ஒருநாள் இவ்வளவு உத்துப் பார்த்ததில்ல அந்த மனுஷன். அந்த ரப்பரைப் பார்க்கற பார்வை இருக்கே, எனக்கே பொறாமையா இருக்கு."

இப்படிப்பட்டவருடைய மகள் வாழப்போன வீட்டில்தான் நடந்தது அத்தனையும்.

அந்தப் பெண் தையல்காரி. மோட்டார் வைத்த மிஷினில், வீட்டிலேயே உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுக்கிறாள். நல்ல கை. சீருடை தைக்கும் பருவம் தொடங்கி, கூடத்தில் துணி மலைபோலக் குவிந்திருந்த நேரத்தில் கரண்ட் பில் வந்தது. பார்த்ததும் மாமியாருக்குத் தலை சுற்றியது.

மாமியாரைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபது பேரை மேய்த்து ஓய்வு பெற்றவள். வீட்டையும் அப்படித்தான் மேய்ப்பாள். அந்த வீட்டில் அவளுடைய சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் பெரிய சாமான் அந்தப் பிரிட்ஜ். பதினொரு வருஷம் ஆகிறது. 'பிரிட்ஜ்' என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. 'என் பிரிட்ஜ்' என்றுதான் சொல்வாள். அதனால் பில்லைப் பார்த்ததும் அவள் கண் நேரே மிஷின் மேல்தான் போனது. "நாள் பூரா டர்ருன்னு அது ஓடினா பில்லு இறங்குமா?" இரண்டு மாதம் இதையே பாடினாள். மூன்றாவது மாதம் ஒரு நாள் காலையில் பார்த்தால் மிஷினின் பெல்ட்டைக் காணோம். மோட்டாரையும் சக்கரத்தையும் சேர்க்கும் ரப்பர் பெல்ட். அது இல்லாவிட்டால் மிஷின் வெறும் மேசைதான்.

"பெல்ட்டைப் பார்த்தீங்களா அத்தை?"

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

புதுசு வாங்கக் கிளம்பினால், "முதல்ல பில்லு குறையட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றாள். சீருடைக்குத் துணி கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். இருவர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மாப்பிள்ளை நல்ல மனிதர். எவ்வளவு நல்லவர் என்றால், அம்மா பேசும்போது அம்மா பக்கம் தலையாட்டுவார், மனைவி பேசும்போது மனைவி பக்கம் தலையாட்டுவார்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மத்தியான நேரம் அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கொட்டி அழுதாள். மறுமுனையில் 'ம்' என்ற சத்தம் கூட இல்லை.

"எங்கப்பாகிட்ட பேசறதும் சுவத்துகிட்ட பேசறதும் ஒண்ணு அண்ணே" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். "நடுவுல ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'எங்கே நின்னு பேசறே?'ன்னார். 'சமையல்கட்டுல'ன்னேன். 'நகராதே, அங்கேயே நில்லு'ன்னார். எனக்கு மளுக்குன்னு கண்ணீர் வந்துடுச்சு. எதுக்கும் அசையாதே, தைரியமா நில்லுன்னு அப்பா சொல்றாரேன்னு இன்னும் கொஞ்சம் அழுதேன். அப்புறம் 'சரி, வை'ன்னுட்டார்."

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சம்பந்தி வீட்டு வாசலில் நின்றார் ரீடிங் சார்.

"வாங்க சம்பந்தி, உட்காருங்க."

"உட்கார வரல சம்பந்தியம்மா. மீட்டர் எங்கே இருக்கு?"

"வந்ததும் வராததுமா மீட்டரா? பொண்ணு எப்படி இருக்கான்னு கேட்கற அப்பனைத்தான் நான் பார்த்திருக்கேன்."

"பொண்ணு எதிர்ல நிக்குது, தெரியுதே. மீட்டர்தான் தெரியல."

வீட்டிலிருந்த எல்லா சுவிட்சையும் அணைத்தார். மின்விசிறி நின்றது. மாப்பிள்ளை சார்ஜில் போட்டிருந்த போனைக்கூடப் பிடுங்கினார். பிரிட்ஜை மட்டும் விட்டுவைத்தார். பிறகு மீட்டருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், நாற்பது நிமிஷம். வேர்த்து வழிந்தது. சிவப்புப் புள்ளி ஒரே வேகத்தில் மினுங்கியது. ஒரு தடவைகூட ஓயவில்லை.

"சம்பந்தியம்மா, இது நிக்கவே மாட்டேங்குது."

"நிக்காது. என் பிரிட்ஜ் பதினொரு வருஷத்துல ஒருநாள் நின்னதில்ல!" என்றாள் சம்பந்தியம்மாள், பெருமையாக. "நின்னாத்தானே ரிப்பேர்?"

ரீடிங் சார் கண்ணை இறுக மூடித் திறந்தார். "நம்மளை மாதிரிதான் அதுவும். கொஞ்ச நேரம் ஓடணும், கொஞ்ச நேரம் உட்காரணும். உட்காராம ஓடுதுன்னா, பின்னாடி யாரோ துரத்தறாங்கன்னு அர்த்தம்."

துரத்தியவர்களைத் தேடிச் சமையலறைக்குள் போனார். பிரிட்ஜ் கதவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி முட்டுக் கொடுத்திருந்தது. அதை எடுத்ததும் கதவு கொட்டாவி விடுவது போலத் தானாகத் திறந்தது.

"நாற்காலி வெச்சா நல்லா மூடிக்கும்" என்றாள் சம்பந்தியம்மாள்.

காகிதத் துண்டை வைத்தார். இழுக்க வேண்டிய வேலையே இல்லாமல் அது கீழே விழுந்தது. ரப்பர் காய்ந்து மரக்கட்டையாகியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் அடுப்பு. குளிர் வைக்கும் திருகு கடைசி எண்ணான ஏழில் நின்றது. "ஏழு வரைக்கும் குடுத்திருக்கான், நாம ஏன் நாலோட நிறுத்தணும்?" என்று அதற்கும் நியாயம் இருந்தது. ஐஸ் வைக்கும் மேல் அறையில் ஒரு முட்டை வைக்கவும் இடமில்லாதபடி பனி முழங்கை கனத்துக்கு உறைந்திருந்தது. "எவ்வளவு ஐஸு பாருங்க" என்று அதையும் காட்டினாள், மகன் பந்தயத்தில் வாங்கிய கோப்பையைக் காட்டுவது போல.

"அது ஐஸ் இல்லம்மா, கம்பளி. குளிர் வர்ற இடத்துக்குக் கம்பளி போத்தி வெச்சுட்டு, குளிரலையேன்னு ஏழுல வெச்சிருக்கீங்க."

அடுத்தது உள்விளக்கு. மாப்பிள்ளையின் போனை வாங்கி, வீடியோ எடுக்கும்படி செய்து, பால் பாத்திரத்தில் சாய்த்து உள்ளே வைத்துக் கதவை அழுத்திச் சாத்தினார். ஒரு நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். கதவு மூடிய பின்னும் உள்ளே வெளிச்சம் ஜகஜ்ஜோதியாக இருந்தது.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "ஏன் மாமா, கதவை மூடினா லைட் அணையுமா?" என்று கேட்டார்.

"அணையணும் மாப்பிள்ளை."

"அப்படியா! எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்னுல்ல நினைச்சேன்."

ரீடிங் சார் மகளைத் திரும்பிப் பார்த்தார். 'உன்னை இவருக்கா கொடுத்தேன்' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம் என்கிறாள் அவள். மாப்பிள்ளையோ, மாமா தன்னை மெச்சித்தான் பார்த்தார் என்று இன்றுவரை நம்புகிறார்.

"நகர்த்தணும்" என்றார் ரீடிங் சார்.

அப்போதுதான் சம்பந்தியம்மாளுக்கு முகம் மாறியது. "அதெல்லாம் வேணாம். பதினொரு வருஷமா இருந்த இடம். நகர்த்தினா தரை கீறிடும்."

"சுவத்தோட ஒட்டி வெச்சா அது மூச்சு விட வேணாமா? மாப்பிள்ளை, ஒரு பக்கம் பிடிங்க."

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். பின்பக்கக் கம்பிகளில் பதினொரு வருஷத் தூசு பூனைத் தோல் மாதிரி தொங்கியது. மகள் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் ஒரு தட்டுத் தட்டினாள். தூசு மொத்தமும் அவள் கண்ணில் போய் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவரில் ஒரு ஆணி. ஆணியில் மிஷின் பெல்ட்.

பிரிட்ஜ் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரீடிங் சார் பெல்ட்டை எடுத்து வளைத்துப் பார்த்தார். மூன்று வாரம் கம்பிச் சூட்டில் வெந்து, அது இரண்டு இடத்தில் பிளந்திருந்தது.

"கெட்டிக்கார எலி சம்பந்தியம்மா. ஆணியில மாட்டக்கூடத் தெரிஞ்சிருக்கு."

சம்பந்தியம்மாள் இருபது பேரை மேய்த்தவள். சும்மா விடுவாளா? "ஆமா, நான்தான் மாட்டினேன். இப்ப என்ன? என் வீடு, என் பில்லு. குத்தம் என் பிரிட்ஜ் மேலேன்னு சொல்றீங்கல்ல? தூக்கிட்டுப் போங்க! ஒரு வாரம் பிரிட்ஜ் இல்லாம இருக்கோம். உங்க பொண்ணு மிஷினை நாள் பூரா ஓட்டட்டும். மீட்டர் இறங்கலைன்னா மிஷின் வாசலைத் தாண்டி வெளியே போயிடணும். சரியா?"

"சரி" என்றார். மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்படித்தான் சரக்கு ஆட்டோ வந்தது. போர்வை சுற்றிய சாமான் பிரிட்ஜ். மகள் கண் சிவந்தது தூசியால். உப்பிய பையில் இருந்தது அவள் துணிமணி அல்ல. பால், முட்டை, காய், பாதி எலுமிச்சைகள் ஏழு. சம்பந்தியம்மாளே அடுக்கிக் கொடுத்து, "உங்க பிரிட்ஜுல வெச்சிருங்க, எண்ணி வெச்சிருக்கேன்" என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். "என் பிரிட்ஜைத் தனியா அனுப்ப மாட்டேன், வீட்டு ஆள் ஒருத்தர் கூடப் போகணும்" என்றதால்தான் மருமகள் வண்டியில் ஏறினாள். ஒரு கையால் பிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். படுக்கப்போட்டுக் கொண்டுவரக் கூடாதாம். அன்று மாலையே புது பெல்ட் வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். நான்தான் அந்த நேரம் பார்த்து வெளியே போயிருந்தேன். அவர் மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டது ஏன் என்று கேட்கவே வேண்டாம். இருக்கிற ஒரு பிரிட்ஜோடு மாரடிக்கிறவள் வீட்டுக்கு இன்னொன்றும் வந்து இறங்கினால்?

அந்த வாரம் ரீடிங் சார் மீட்டர் வரிசைப் பக்கமே வரவில்லை. வாசலில் பிரிட்ஜை வைத்துக்கொண்டு, எங்கள் தெரு பிரிட்ஜ் மெக்கானிக்கோடு மல்லுக்கட்டினார். மெக்கானிக் உறைந்த பனியைக் கத்தியால் நெம்பப் போனார். "தொட்டே, கையை முறிச்சிருவேன். ஓட்டை விழுந்தா கேஸ் போயிடும், அது தானா உருகட்டும்" என்று ரீடிங் சார் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். ரப்பர் மாற்றினார்கள். சிக்கிக்கிடந்த விளக்குப் பொத்தானைச் சரிசெய்தார்கள். கம்பிகளைப் பல் விளக்குவது போல விளக்கினார்கள்.

அங்கே மாப்பிள்ளை தினமும் காலையில் மீட்டரைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாள் அவர் மீட்டரின் சீரியல் நம்பரைப் படித்துவிட்டார். வீடு ஒரே நாளில் பல லட்சம் யூனிட் செலவழித்ததாகத் தெரிந்தது. ரீடிங் சார் போனைக் காதிலிருந்து எடுத்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து மகளே பார்த்துச் சொன்னாள். முன்பு நாளுக்குப் பதினொரு யூனிட் ஓடிய வீடு. மிஷின் காலை முதல் இருட்டும் வரை டர்ரென்று ஓடியும் ஆறைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் பால் திரிந்தது. நாலாம் நாள் காய் வாடியது. சம்பந்தியம்மாள் வாயே திறக்கவில்லை. காலையிலும் மாலையிலும் காய்க்கடைக்கு நடந்தாள். மீட்டரையும் யாரும் பார்க்காதபோது போய்ப் பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்துப் பிரிட்ஜ் திரும்பிப் போனது. அடுப்பை விட்டு எதிர்மூலையில், சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்தார். கொண்டுவந்த களைப்பு தீர நாலு மணி நேரம் சும்மா விட்டு, அப்புறம்தான் சுவிட்ச் போட்டார். திருகை மூன்றில் வைத்தார். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு லேசாக உதறிக்கொண்டு நின்றது. பதினொரு வருஷத்தில் அந்தச் சமையலறையில் முதல் தடவையாக நிசப்தம். சம்பந்தியம்மாள் பதறி ஓடிவந்து, "ஐயோ, செத்துப்போச்சு!" என்றாளாம்.

"இல்லம்மா. உட்கார்ந்திருக்கு" என்றார் ரீடிங் சார்.

இப்போது அந்த வீடு ஏழரை யூனிட்டில் ஓடுகிறது, மிஷினையும் சேர்த்து. சம்பந்தியம்மாள் 'தப்பு என் மேல்' என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் பிறவியும் அவள் அல்ல. ஆனால் ஒரு நாள் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பூப்போட்ட துணி நாலு மீட்டரை மருமகள் மடியில் வைத்தாள். "என் பிரிட்ஜுக்கு ஒரு உறை தை. கீழே சுருக்கம் வெச்சு, நல்லா தழையத் தழைய இருக்கணும்."

பிரிட்ஜின் முதுகுக்கு உறை போடுவது மறுபடியும் கம்பளி போர்த்துவதுதான் என்று ரீடிங் சார் மகளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வீட்டில் மாமியார் கையால் கொடுத்த முதல் துணி அது. தைத்துவிட்டாள்.

அடுத்த தடவை அப்பா வந்தபோது பிரிட்ஜ் தலை முதல் கால் வரை, முன்னும் பின்னும், பூப்போட்ட உறைக்குள் மணப்பெண் மாதிரி நின்றது. சம்பந்தியம்மாள், "எப்படி இருக்கு சம்பந்தி? உங்க பொண்ணு தெச்சது" என்றாள். மகள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வாயைத் திறந்தார். மூடினார். காது வரைக்கும் சிவந்ததாம். பிறகு பிரிட்ஜுக்குப் பின்னால் போய், பின்பக்கத் துணியை மேலே சுருட்டி, சட்டைப் பையிலிருந்த இரண்டு கிளிப்பையும் மாட்டினார்.

"ஏன் சுருட்டறீங்க?"

"நல்ல துணி. பின்னாடி அழுக்காயிடும். அழகா இருக்கு" என்றார். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் ஒரு பொய் ரீடிங்கூட எழுதாத மனிதர்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, நேற்று அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வதந்தி எந்த வீட்டிலிருந்து கிளம்பியது என்று மொட்டைமாடியில் யாரோ புண்ணியவான் சொல்லியிருக்க வேண்டும். உட்காரச் சொன்னேன். வழக்கம்போல நேரே சமையலறைக்குள் போனார். எங்கள் பிரிட்ஜுக்குப் பின்னால் கம்பிச் சூட்டில் என் மனைவி கைக்குட்டைகளைக் காயப்போட்டிருந்தாள். சீக்கிரம் காயும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்த வித்தை. அவர் ஒவ்வொன்றாக எடுத்து என் தோளில் போட ஆரம்பித்தார்.

"பொண்ணை நான் கூட்டிட்டு வரல. பிரிட்ஜைக் கூட்டிட்டு வந்தேன். அது சாயாம பிடிச்சுக்கப் பொண்ணு வந்தா."

"தெரியும் சார், எல்லாம் இப்ப தெரியும்" என்று குழைந்தேன். "யாரோ ஏதோ சொல்லிட்டாங்க. ஆனா ஒண்ணு சார், பொண்ணு ஒரு போன் போட்டு அழுததும், மறுநாள் காலையில சம்பந்தி வீட்டு வாசல்ல போய் நின்னீங்களே, அதுதான் பெத்த பாசம்."

காகிதத் துண்டை என் பிரிட்ஜ் கதவில் வைத்துச் சாத்தினார். அது நழுவி அவர் காலடியிலேயே விழுந்தது. குனிந்து எடுத்து, என் உள்ளங்கையைப் பிரித்து, அதில் வைத்து, விரல்களை மூடினார்.

"பொண்ணுக்காகப் போனேன்னு எவன்யா சொன்னது? அவ அழுத அந்த இருபத்திரண்டு நிமிஷமும் பின்னாடி பிரிட்ஜ் மோட்டார் ஒரு தடவைகூட நிக்கல. அதுக்காகத்தான் போனேன்."